குப்பை வண்டிக்குப் பின்னால் ஒரு டூர்!

வெளியூர் நண்பர்கள் வந்தால் சென்னையில் சுத்திக் காட்ட நம்ம எல்லார்கிட்டயும் ஒரே லிஸ்ட்தான். மெரினா, பெசன்ட் நகர், ரங்கநாதன் தெரு, பெட்ரோலுக்குக் காசு இருந்தால் மகாபலிபுரம். இந்த லிஸ்ட்டில் எந்தக் காலத்திலும் இடம்பிடிக்காத ஒரு ஸ்பாட்டுக்குத்தான் இந்த வாரம் போகப் போகிறோம். டிக்கெட் கிடையாது, கைடு கிடையாது, செல்ஃபி பாயின்ட் கிடையாது. ஆனால், தேனாம்பேட்டையில் இருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் இருக்கிற வீடுகள் தினமும் அங்கே எதையாவது அனுப்பிவைக்கின்றன. நேற்று ராத்திரி நீங்க சாப்பிட்ட பரோட்டா பார்சலோட சால்னா கவர் உட்பட!

பெருங்குடி.

"ஹலோ பாஸ், நான் அங்கதான் வேலை பார்க்குறேன்" என்று கையைத் தூக்கும் ஐ.டி. மக்களே, ஒரு நிமிஷம். நாம போறது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற ஓ.எம்.ஆர். பெருங்குடிக்கு இல்லை. அதுக்கு முதுகுப் பக்கம் இருக்கிற பெருங்குடிக்கு.

பறக்கும் ரயிலில் போகலாம். தரமணி வரைக்கும் வாசலில் நின்று காற்று வாங்கிக்கொண்டே வருகிற கூட்டம், காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கிற நாளாக இருந்தால், சட்டென்று கர்ச்சீப்பைத் தேடும். தேடாமல் நிற்பவர்கள் டெய்லி பாஸ் பார்ட்டிகள், மூக்கு மரத்துப்போனவர்கள். ஆனால், கண்ணுக்கு விருந்து வேணும் என்றால் துரைப்பாக்கம் - பல்லாவரம் 200 அடி ரோடுதான் சரி. விருந்து என்று சொன்னது கிண்டல் இல்லை. குளிர்காலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றால், தண்ணீரில் கூழைக்கடா நீந்தும், நீலத் தாழைக்கோழி கோரைக்குள் ஓடும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம் ஒற்றைக் காலில் நிற்கும். இதெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அப்படியே தலையைத் திருப்பினால் தூரத்தில் ஒரு மேடு. சதுப்பு நிலத்தில் மேடு எங்கிருந்து வந்தது? நாம போட்டதுதான்!

இந்தச் சதுப்பு நிலத்துக்குப் பழைய பேர் கழுவேலி. சுத்துப்பட்டு ஏரிகளில் நிரம்பி வழிகிற தண்ணீர் எல்லாம் இங்கே வந்து சேரும். கொஞ்ச நாள் தங்கி, மண்ணுக்குள் இறங்கி, மிச்சம் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலைப் பிடிக்கும். 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்கிறார்கள். 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது பட்டியலில் ஏறியது 1,247 ஹெக்டேர். நடுவில் காணாமல் போன இடத்தில் என்னென்ன வந்தது என்று கேட்டால், அந்த ஏரியாவில் ஃப்ளாட் வாங்கின மாமாக்களுக்குக் கோபம் வரும். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் ரோட்டில் படகு ஓடியது ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் தன்னோட பழைய வீட்டைத் தேடி வந்திருந்தது.

1980-களில் சென்னை மாநகராட்சி தன் குப்பையைக் கொட்ட இடம் தேடியபோது, இந்தச் சதுப்பு நிலத்தின் ஒரு மூலைதான் கண்ணில் பட்டது. கவனிங்க, அப்போ பெருங்குடி சென்னையே கிடையாது. 2011-ல்தான் அது மாநகராட்சிக்குள் வந்தது. நம் வீட்டைப் பெருக்கி எதிர்வீட்டு வாசலில் தள்ளுகிற டெக்னிக், சாமி! அப்புறம் ஊர் வளர்ந்து எதிர்வீட்டையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. குப்பை மட்டும் நகரவே இல்லை.

சரி, மேட்டைப் பார்த்தாச்சு. அது எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டாமா? ரிவர்ஸ் கியர் போட்டு, காலை ஆறரை மணிக்கு வேளச்சேரியின் ஒரு தெருவுக்குப் போவோம்.

முக்கில் பேட்டரி வண்டி நிற்கிறது. பச்சை டப்பா மக்கும் குப்பைக்கு, நீல டப்பா மக்காத குப்பைக்கு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டால்கூட ஒப்பிக்கும். வண்டியை ஓட்டும் அக்கா விசில் அடிக்கிறார். கதவுகள் திறக்கின்றன. முதல் வீட்டில் ஒரு பிக் ஷாப்பர், இரண்டாவது வீட்டில் ஒரு கறுப்பு கவர், மூன்றாவது வீட்டில் மூடி போட்ட பெயின்ட் டப்பா. மூன்றிலும் உள்ளே இருப்பது ஒரே மெனு. சாம்பார் வடிந்த சோறு, அதுக்குள்ளே பால் கவர், அதுக்குள்ளே ஷேவிங் பிளேடு, எல்லாத்துக்கும் மேலே பேப்பரில்கூடச் சுற்றாத நாப்கின்.

நாலாவது வீடு வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வீட்டுக்கும் ஆறாவது வீட்டுக்கும் நடுவில் இருக்கிற முப்பது அடி தூரத்தில், அக்கா ஒரு கையால் வண்டியை நகர்த்திக்கொண்டே இன்னொரு கையால் கவரைக் கிழித்து, பால் கவரை உருவி, நீல டப்பாவில் போடுகிறார். கையுறை இருக்கிறது. ஆனால் ஒரு விரலில் ஓட்டை.

"அவங்களே பிரிச்சுக் குடுத்துட்டா உங்களுக்கு எவ்ளோ நேரம் மிச்சமாகும்க்கா?"

"நேரம் கெடக்குது தம்பி. கண்ணாடி கையைக் கிழிக்காம இருந்தா போதும். ஒடஞ்ச டம்ளரை பேப்பர்ல சுத்தி, மேல 'கண்ணாடி'ன்னு எழுதிக் குடுன்னு சொன்னா, அந்த அம்மா 'எனக்கென்ன வேற வேலை இல்லியா'ன்னு கேக்குது."

தெருவில் இருந்த வீடுகளில் பிரித்துக் கொடுத்தவை எத்தனை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். கடைசி வரைக்கும் ஒரு கை விரல்கள் போதுமானதாக இருந்தது. அதில் ஒரு பாட்டி வீடு சூப்பர். காய்கறித் தோல் தனி, கவர்கள் கழுவிக் காயவைத்துத் தனி. "நாங்கல்லாம் அந்தக் காலத்துலயே எக்ஸ்னோரா" என்று கெத்தாகச் சொன்னார். அந்தப் பேர் தெரியாத தம்பி தங்கைகளுக்கு ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். எம்.பி.நிர்மல் என்கிற வங்கி அதிகாரி 1989-ல் சென்னையில் ஆரம்பித்த அமைப்பு எக்ஸ்னோரா. தெருக்காரர்களே சேர்ந்து மாதாமாதம் சின்னத் தொகை போட்டு, ஒருவரை வேலைக்கு வைத்து, அவருக்கு ஒரு மூணு சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்து, வீடு வீடாகக் குப்பை எடுக்க வைத்தார்கள். 'குப்பைக்காரர்' என்று கூப்பிடக் கூடாது, அவர் தெருவை அழகாக்குகிறவர் என்று அதுக்கு ஒரு பேரும் வைத்தார்கள். குப்பையைப் போடுகிற நாம்தானே குப்பைக்காரர்? லாஜிக் கரெக்ட்டா இருக்குல்ல!

அப்புறம் 2000-ல் தனியார் கம்பெனி வந்தது. மஞ்சள் சட்டை, பெரிய லாரி. 2007-ல் அந்த ஒப்பந்தம் முடிந்து வேற கம்பெனிகள் மாறி மாறி வந்தும், இன்னிக்கும் நிறைய வீடுகளில் குப்பை லாரிக்குப் பேர் 'ஓனிக்ஸ் வண்டி'தான். நகலெடுக்கிற மெஷின் எல்லாம் ஜெராக்ஸ் ஆன கதை. டன் கணக்கில் காசு கொடுக்கிற ஒப்பந்தம் இருந்தபோது ஒரு தமாஷ் உண்டு: எடை கூடினால் வரவு கூடும். அப்படி இருக்கும்போது பிரி, குறை என்று யார் சொல்லப்போகிறார்கள்?

வண்டி நிரம்பியதும் அக்கா அதை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகிறார். போகிற வழியில் ஒரு ஸ்டாப்பிங் இருக்கிறது. நகரத்தின் நிஜமான ரீசைக்கிளிங் டிபார்ட்மென்ட் அதுதான். போர்டு இருக்காது, ஏ.சி. இருக்காது, ஒரு தராசு இருக்கும். பழைய பேப்பர் கடை!

அட்டைப் பெட்டி, நியூஸ் பேப்பர், தண்ணீர் பாட்டில், இரும்பு, செம்புக் கம்பி, பீர் பாட்டில்... எல்லாத்துக்கும் தனித்தனி மூலை, தனித்தனி ரேட். கவருக்கு ஒரு மூலை. அதில் ராஜா பால் கவர். நல்ல பிளாஸ்டிக், கழுவிக் கொடுத்தால் கிலோவுக்குக் காசு. நம்ம அம்மாக்கள் கிச்சன் ஜன்னல் கம்பியில் பால் கவரை ஒட்டிக் காயவைப்பதைப் பார்த்து நாம கலாய்ச்சது உண்டு. இந்த ஊரில் சத்தமில்லாமல் நடக்கிற பெரிய சுற்றுச்சூழல் இயக்கம் அந்த ஜன்னல்தான். அந்தக் காலத்தில் பழைய பக்கெட்டுக்கும் ஓட்டைக் குடத்துக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த தாத்தாவையும் இந்த லிஸ்ட்டில் சேர்த்துக்கோங்க.

கடைக்காரரிடம் ஒரு சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினேன். வாங்கவே மாட்டேன் என்றார். "உள்ள பளபளன்னு இருக்கு பாருங்க, அதான் வில்லன். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததை நான் யார்கிட்ட விக்கிறது?" தெர்மாகோலும் அப்படியே. சாம்பார் பட்ட அட்டையும் அப்படியே. காலையில் அட்டைப் பெட்டியாக இருந்தபோது அது சரக்கு. மத்தியானம் அதன்மேல் ரசம் கொட்டியதும் அது குப்பை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு கரண்டி ரசம். பெருங்குடி மேட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

ஏன்னா, நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரக் குப்பை. சோறு, காய்கறித் தோல், வாழை இலை, டீத்தூள். அதைத் தனியாக வைத்தால் சில வாரங்களில் உரம். கவருக்குள் கட்டி, காற்றுப் புகாமல் மற்றதோடு சேர்த்துக் குவித்தால், அது அழுகி மீத்தேன் ஆகிறது. கறுப்புச் சாறு வடிகிறது. அந்தச் சாறு இறங்குவது எங்கே? ராம்சார் அங்கீகாரம் வாங்கிய சதுப்பு நிலத்தின் மடியில். மீத்தேன் என்ன செய்யும் என்பதற்கு 2022 ஏப்ரல் ஒரு சாம்பிள். பெருங்குடி கிடங்கில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. சுத்தி இருந்த வீடுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வெயில் காலத்தில் வெந்தார்கள்.

மெயின் ரோட்டில் காம்பாக்டர் லாரி காத்திருக்கிறது. பேட்டரி வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து கொட்ட, பின்பக்கம் இருக்கிற இரும்புத் தகடு 'க்ர்ர்ர்' என்று அழுத்திப் பிழிகிறது. பிரிக்காமல் வந்த கவர்கள் இதற்குள் போய்விட்டால் கதை முடிந்தது. ரசமும் அட்டையும் கண்ணாடியும் நாப்கினும் ஒரே உருண்டை. இதுக்கப்புறம் பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. ஸாரி, பிரிக்கலாம். அதற்கு ஆகும் செலவைக் கேட்கத்தான் கிடங்கு வாசலுக்கு வந்திருக்கிறோம்.

சென்னையில் தினமும் சேர்கிற குப்பை 5,000 டன்னுக்கு மேல். வடக்குப் பாதி கொடுங்கையூருக்கு, தெற்குப் பாதி பெருங்குடிக்கு. உள்ளே வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள். அதனால் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடையில் செட்டில் ஆனேன். டீ நல்லாவே இருந்தது, நம்புங்க. லாரி டிரைவர்கள், பொக்லைன் ஓட்டுபவர்கள், பள்ளிக்கரணைப் பையன்கள் என்று எப்பவும் ஒரு செட் இருக்கிறது.

இங்கே 225 ஏக்கரில் கிடந்த பழைய குப்பையைக் கரைக்க 2022-ல் பயோமைனிங் ஆரம்பித்தார்கள். பேர்தான் ஸ்டைல், வேலை நம்ம பாட்டி அரிசி புடைக்கிற அதே வேலை. மேட்டைத் தோண்டி, பாத்தி பாத்தியாகப் பரப்பி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, கிளறிக் கிளறிக் காயவைக்கிறார்கள். அப்புறம் ஒரு பெரிய சுழலும் சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள். மண் ஒரு பக்கம் விழும், கல்லும் செங்கல்லும் ஒரு பக்கம், துணியும் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம். மண்ணும் கல்லும் பள்ளம் நிரப்பப் போகும். துணி, பிளாஸ்டிக், ரெக்ஸின் வகையறா பேல் பேலாகக் கட்டப்பட்டு சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். அங்கே நிலக்கரிக்குத் துணையாக எரிகிறது, உங்க சித்தப்பாவோட பழைய பெல்பாட்டம்!

"உள்ள என்னண்ணா அதிகமா வரும்?" என்று பொக்லைன் அண்ணனைக் கேட்டேன். "செருப்பு" என்றார் யோசிக்காமல். "ஜோடியா வராது. ஒத்தைச் செருப்பாவே வரும்."

இப்போ கணக்கு. பயோமைனிங் திட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் 350 கோடி ரூபாய். கரைக்க வேண்டிய குப்பை 30 லட்சம் கன மீட்டருக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு கன மீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் விழுகிறது. ஒரு வாஷிங் மெஷின் அட்டைப் பெட்டியைவிடப் பெரிய கனசதுரம்தான் ஒரு கன மீட்டர். அதில் கலந்து கிடப்பதைத் திரும்பப் பிரிக்க ஆயிரம் ரூபாய்! வேளச்சேரிப் பாட்டி அதே வேலையை ரெண்டு டப்பா வைத்து, சீரியல் பார்த்துக்கொண்டே ஃப்ரீயாகச் செய்கிறார். கொடுங்கையூர் இன்னும் பெரிய பில். அங்கே பயோமைனிங் செய்வது 250 ஏக்கரை ஒட்டி, குப்பை 66 லட்சம் டன், செலவு 640 கோடி.

இதைவிட ஷாக் ஒன்று உண்டு. பழைய மேட்டைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதே, அதே கேட் வழியாகப் புதுக் குப்பையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஓட்டைப் படகில் தண்ணீரை இறைக்கிறார்கள், இன்னொரு பக்கம் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறோம்.

"எரிச்சுட்டா வேலை முடிஞ்சுது, கரன்ட்டும் கெடைக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. கொடுங்கையூரில் அப்படி ஓர் ஆலை கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். ஏற்கெனவே ஆலைப் புகையில் வாழ்கிற ஏரியா. இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்பது அவர்கள் நியாயம். என் சந்தேகம் இன்னும் சிம்பிள். சாம்பார் ஊறிய குப்பை எப்படி எரியும்? ஈர விறகில் அடுப்பு ஊதிய அனுபவம் நம்ம பாட்டிகளுக்கு உண்டு. எரிப்பதாக இருந்தாலும் முதலில் பிரித்துத்தான் ஆகணும்.

டீக்கடைப் பேச்சு கொஞ்ச நேரத்தில் சம்பளத்தின் பக்கம் திரும்பியது. 2025 ஆகஸ்ட்டில், ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். அதில் பெரும்பாலும் பெண்கள். பதிமூன்றாம் நாள் ராத்திரி போலீஸ் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது. தெருவில் குப்பை தேங்கியபோதுதான் பல பேருக்கு அவர்கள் ஞாபகமே வந்தது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கையில் கண்ணாடி கிழித்த தழும்பு இருந்திருக்கும் என்று, காலையில் அந்த ஓட்டைக் கையுறையைப் பார்த்ததில் இருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நம்ம ஏரியாவுக்கு வருவோம். வேளச்சேரி, தரமணி, துரைப்பாக்கம் என்றால் பேச்சிலர் ரூம்கள், பி.ஜி. ஹாஸ்டல்கள். ரூமுக்கு நாலு பேர், நாலு பேருக்கும் ராத்திரி பார்சல், ஒவ்வொரு பார்சலுக்கும் டப்பா, டப்பாவுக்குள் சட்னி கவர், எல்லாம் முடிந்ததும் ஒரே கறுப்பு கவர். அதிலும் பாதிச் சப்பாத்தி மிச்சம் இருக்கும். 2019 ஜனவரி 1-ல் இருந்து தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. அந்தக் கவர் எப்படி வந்தது என்று கடைக்காரர்தான் சொல்லணும். 2016-ல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு விதிகள், ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடம் எதுவானாலும், தன் ஈரக் குப்பையை முடிந்தவரை தானே உரமாக்கணும் என்று சொன்னது. பெரிய காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு 100 கிலோ எல்லாம் ஒரு பொங்கல் டிபனுக்கே ஆகிவிடும். உங்க மெஸ்ஸுக்குப் பின்னால் போய், மிச்சச் சோறு எங்கே போகிறது என்று ஒருமுறை பார்த்துட்டு வாங்க. நான் கேட்டுப் பார்த்த ஒரு ஹாஸ்டலில் வார்டனுக்கே தெரியவில்லை. "வண்டி வருது, எடுத்துட்டுப் போயிடுறாங்க" என்றார். போயிடுறாங்க என்றால், எங்கே?

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். லாரி உள்ளே போகும்போது ஒருமுறை எடை போடுவார்களாம்; கொட்டிவிட்டு வெளியே வரும்போது இன்னொருமுறை. அவர் சட்டைப் பையில் அன்றைக்கான எடைச் சீட்டு ரெண்டு இருந்தது. "மழை நாள்ல அதே லோடு வெயிட் ஏறிடும் தம்பி. பாதி தண்ணிதான். தண்ணியை அடையாறுலேர்ந்து டீசல் போட்டு இங்க கொண்டாந்து ஊத்துறோம்" என்றார்.

டம்ளரை வைத்துவிட்டு லாரியில் ஏறினார். மணி பதினொன்று. அடுத்த நடை பெசன்ட் நகராம்.